கூட்டமில்லாத மாதமும் மலைக்குத்தான் சொந்தம்

தமிழ்நாட்டில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொள்ளும் நேரத்தில், பெங்களூரிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர் தொலைவில் உள்ள குதுரேமுக் தேசியப் பூங்காவில் மழை ஓயத் தொடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும் மலை அது. கார்த்திகையில் மூடுபனி விலகும், அட்டைகள் குறையும், ஓடைகளில் தண்ணீர் மட்டும் குறையாது. தசரா, தீபாவளிக் கூட்டம் இறங்கியிருக்கும். கிறிஸ்துமஸ் கூட்டம் இன்னும் ஏறியிருக்காது. இந்த இடைவெளியைத்தான் சுற்றுலாத் தொழில் ‘ஆஃப் சீசன்’ என்கிறது. அறை வாடகையைக் குறைத்து, ‘நிம்மதியாகப் பார்க்கலாம், மலைக்கும் பாரம் குறையும்’ என்று அழைக்கிறது. நிம்மதி உண்மைதான். பாரம் குறைவதற்கோ ஒரு நிபந்தனை உண்டு. சீசனில் போகவிருந்தவர் அதைக் கைவிட்டு இப்போது வந்தால் பாரம் குறையும். அப்போதும் போய், இப்போதும் வந்தால் கூடத்தான் செய்யும்.

நம் விதிகள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. 2024 குடியரசு தின விடுமுறையில் கர்நாடகத்தின் குமார பர்வத மலையில் ஆயிரக்கணக்கானோர் குவிந்த படங்கள் பரவின. அதன் பிறகே கர்நாடக வனத்துறை மலையேற்றத்துக்கு இணையவழி முன்பதிவைக் கட்டாயமாக்கி, ஒரு பாதையில் நாளொன்றுக்கு 300 பேர் என்று வரம்பு வைத்தது. நல்ல தொடக்கம். ஆனால் அது ஒரு நாளுக்கான கணக்கு. சனி, ஞாயிறு மட்டும் நிரம்பினால் வாரத்துக்கு 600 பேர். ஆஃப் சீசன் அழைப்பு பலித்து ஏழு நாளும் நிரம்பினால் 2,100 பேர். எந்த நாளிலும் விதி மீறப்படாது. மலை ஏறுவோர் தொகை மட்டும் மூன்றரை மடங்காகிவிடும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் கோடைக்கால இ-பாஸ் வந்தபோதும் வாகன எண்ணிக்கை நாள்வாரியாகத்தான் பேசப்பட்டது. உச்ச நாளின் நெரிசல் கண்ணில் படுகிறது. ஆண்டு முழுவதும் சேரும் சுமை படுவதில்லை.

ஆளில்லாத நாட்கள் காட்டுக்கு எதற்கு என்று கேட்கலாம். 2018இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஆறு கண்டங்களைச் சேர்ந்த 62 பாலூட்டி இனங்களின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தது. மனித நடமாட்டம் கூடும் இடங்களில் விலங்குகள் பகலை விட்டு இரவுக்கு நகர்வதை அது காட்டியது. வேட்டையாட வருபவருக்கும் வெறுமனே நடந்து போகிறவருக்கும் விலங்குகள் பெரிய வேறுபாடு காட்டவில்லை என்பதுதான் அதில் முக்கியமான செய்தி. கேரளத்தின் இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு குட்டி ஈனும் காலத்தில், பொதுவாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பார்வையாளர்களை அனுமதிப்பதில்லை. அங்கே வாசல் எப்போது திறப்பது என்பதை விடுமுறை நாள்காட்டி தீர்மானிக்கவில்லை; ஆடு தீர்மானிக்கிறது. சிங்கவால் குரங்கும் காட்டெருதும் புலியும் வாழும் குதுரேமுக்கில், கோடையில் காட்டுத்தீ அச்சம், மழையில் வழுக்குப் பாதை, பிறகு விடுமுறைக் கூட்டம். எஞ்சுவது இந்தச் சில வாரங்கள்தான். அவற்றைக் காலியாகக் கிடக்கும் இருக்கைகளாக நினைத்து விற்கக் கூடாது.

இதற்கு முதல் மறுப்பு உள்ளூரிலிருந்து வரும். களசாவிலும் முள்ளோடியிலும் ஜீப் ஓட்டுபவரும் தங்கும் வீடு நடத்துபவரும் ஆண்டு முழுதும் சாப்பிட வேண்டாமா? நியாயமான கேள்வி. அதனால்தான் நாள் வரம்போடு வார வரம்பும் வேண்டும் என்கிறேன். வாரத்துக்கு 600 பேர் என்று வைத்து, சனி, ஞாயிறில் 150 பேர் வீதமும், மற்ற ஐந்து நாட்களில் 60 பேர் வீதமும் அனுமதிக்கலாம். மொத்தம் கூடாது, ஜீப்புக்கு இரண்டு நாள் சவாரிக்குப் பதில் ஏழு நாளும் சவாரி கிடைக்கும். சனி, ஞாயிறு தவிர விடுப்பே கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள் என்பது இரண்டாவது மறுப்பு. அவர்களுக்காகத்தான் சனி, ஞாயிறுக்கான அந்த 300 இடங்கள். மடிக்கணினியோடு எங்கிருந்தும் வேலை பார்க்கும் வசதி பெற்ற பெங்களூர்க்காரர்கள் செவ்வாய், புதனுக்கு நகர்ந்தால், கடையிலும் தொழிற்சாலையிலும் வேலை செய்பவருக்கு ஞாயிற்றுக்கிழமை இடம் கிடைக்கும்.

இரும்புத்தாது வெட்டிய மலையில் சில நூறு பேர் நடந்தால் என்ன குறைந்துவிடும் என்பது மூன்றாவது மறுப்பு. 1987இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பிறகும் அங்கே சுரங்கம் நடந்தது உண்மை. காட்டுயிர்ப் பாதுகாப்பாளர் கே.எம். சின்னப்பா தொடுத்த வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, 2005 இறுதியோடு அது நின்றது. துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் பிறக்கும் மலையில் எவ்வளவு லாபம் வந்தாலும் தோண்டக் கூடாது என்பதே அந்தப் போராட்டத்தின் சாரம். சுரங்கத்தைவிடக் குறைந்த சேதம் என்பது மீட்ட மலைக்கு நாம் வைக்கும் அளவுகோலாக முடியாது. வனத்துறை வார வரம்பை விதியாக்கட்டும். கார்த்திகையில் குதுரேமுக் போக நினைப்பவர்கள் தாராளமாகப் போகலாம். முன்பதிவு செய்யும் முன், இந்த ஆண்டின் வேறொரு மலைப் பயணத்தை ரத்து செய்துவிட்டுப் போகட்டும்.