மிலிட்டரிக்காரர் வீடு எது?

நம் திருமங்கலத்தில் மிலிட்டரிக்காரர் வீடு எது என்று கேட்டால் சிறுவர்களும் ஓடிவந்து வழி காட்டுவர். ஓய்வு பெற்று எத்தனை ஆண்டானாலும் அந்தப் பெயரும் மதிப்பும் அவருக்கு நிலைத்திருக்கும். நல்லதுதான். ஆனால் பட்டாளத்திலிருந்து திரும்பிய பெண்ணை நாம் எப்படி அழைப்போம்? ‘நர்ஸா இருந்தீங்களா?’ என்றல்லவா முதலில் கேட்போம்! (நர்ஸ் பணி மட்டும் இளப்பமா என்பது வேறு கேள்வி.)

1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி ஜான்சி ராணிப் படையை அமைத்தார். தலைமை ஏற்றவர் சென்னையில் பிறந்த டாக்டர் லட்சுமி. அவரை நாடறியும்; 1998-இல் பத்ம விபூஷண் விருதும் பெற்றார். அவருடன் துப்பாக்கி ஏந்தியவர்களில் பெரும்பாலோர் மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள். அவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா என்று எங்கள் வகுப்பில் கேட்டோம். ‘எங்கள் கொள்ளுத் தாத்தா ஐ.என்.ஏ.வில் இருந்தார்’ என்று இருவர் கை தூக்கினர். பாட்டி என்று ஒருவரும் சொல்லவில்லை.

2022 முதல் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பெண்களும் பயில்கின்றனர். எங்கள் தோழி ஒருத்திக்கும் அந்த ஆசை உண்டு. அவள் அண்ணன் இராணுவத்தில் சேர்ந்தபோது தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார்களாம். இவளிடம், ‘அப்புறம் உன்னை யார் கட்டிக்குவா?’ என்றார்களாம். அந்த வீட்டுப் பெரியவர்களும் இம்மலரைப் படிப்பார்கள் என்பதால் அவள் பெயரை எழுதவில்லை.