குகையும் கணினியும் இரு குடும்பங்களும்

கணினிப் பித்துக் கொண்ட கணவன்மாரைப் பற்றி மனைவியர் கூறும் முறைப்பாடு எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றது. சோறு ஆறிப் போகின்றது, பிள்ளை அழுகின்றது, இவரோ அந்தப் பெட்டியின் முன்னே அமர்ந்தால் எழுந்திருப்பதேயில்லை என்பர். பித்துக் கொண்டவர் மனைவியாகவும் இருக்கலாம் என்பதை மட்டும் எவரும் நினைப்பதில்லை. இவ்வாரம் நாம் அமெரிக்க நாட்டின் இரு தம்பதியரைப் பற்றி எழுதப் புகுகின்றோம். ஒரு குடும்பம் அந்நாட்டின் கிழக்குக் கரையோரத்திலும் மற்றையது மேற்குக் கரையோரத்திலும் வாழ்ந்தது. முதற் குடும்பம் உடைந்த காலத்தில் அங்கே பிறந்த ஒரு விளையாட்டு, மற்றக் குடும்பத்தின் வாழ்வையே வேறு திசையில் திருப்பிவிட்டது.

வில்லியம் குரோதர் 1936ஆம் ஆண்டு பிறந்தவர். மசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பௌதிகம் பயின்று, பின்னர் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள போல்ட் பெரனெக் நியூமன் என்னும் ஸ்தாபனத்தில் உத்தியோகம் பார்த்தார். இன்று நாம் இணையம் என்று வழங்குவதற்கு முன்னோடியாகிய ஆர்ப்பாநெற் என்னும் வலை 1969இல் இயங்கத் தொடங்கியபோது, கணினிகளுக்கிடையே செய்திகளை ஏந்திச் செல்லும் இடைப் பொறிகளுக்கான நிரலை எழுதிய சிறு குழுவில் அவரும் ஒருவர். இத்தகைய மனிதர் ஓய்வு நாட்களில் என்ன செய்வார் என்று எண்ணுகின்றீர்கள்? பாறைகளில் ஏறுவார், குகைகளில் இறங்குவார். அவருடைய மனைவி பற்றீசியாவும் கணினி நிரல் எழுதுபவர். குகையிற் கணவனுக்குச் சற்றும் இளைத்தவர் அல்லர். அவர்களுக்குப் பெண் குழந்தைகள் இருவர்.

கென்டக்கி மாநிலத்திலே மாமத் குகை என ஒன்றுண்டு. சுண்ணாம்புக் கல்லை நீர் அரித்து அரித்து உண்டாக்கிய பாதாள வீதிகள் அங்கே ஒன்றையொன்று வெட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஓடுகின்றன. அவற்றை அளந்து வரைபடமாக்குவது எளிய காரியமன்று. ஆகாயம் இல்லை, சூரியன் இல்லை, பத்தடிக்கு அப்பால் என்ன இருக்கின்றதென்று தெரிவதில்லை. இருவர் சேர்ந்து ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு அளவுநாடாவை இழுப்பர். திசைகாட்டியால் திசையையும் வேறொரு கருவியால் ஏற்ற இறக்கத்தையும் பார்த்துச் சேறு படிந்த குறிப்புப் புத்தகத்தில் எழுதுவர். பின்னர் அங்கிருந்து அடுத்த இடத்துக்கு. ஒரு நாட் பயணத்தில் இப்படிப் பல பத்து அளவைகள் சேரும். ஒவ்வொன்றையும் திரிகோண கணிதத்தால் கிழக்கு மேற்காகவும் வடக்குத் தெற்காகவும் மேல் கீழாகவும் பிரித்துக் கூட்டினால்தான் தாளில் ஒரு கோடு விழும். பாடசாலையில் சைன், கோசைன் எதற்கு என்று சலித்துக்கொள்ளும் மாணவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

இந்தக் கூட்டற் கணக்கைக் குரோதர் தம்பதியர் கணினியிடம் ஒப்படைத்தனர். நம்மவர் வீடுகளில் தையல் இயந்திரம் நிற்கும் மூலையைப்போல் அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு தொலைத்தட்டச்சு நின்றது. அதனை அலுவலகக் கணினியோடு இணைத்திருந்தனர். குகையிலிருந்து வந்த சேற்றுப் புத்தகங்களை வைத்துக்கொண்டு எண்களைத் தட்டச்சிடுவர். வில்லியத்தின் நிரல் கணக்கைச் செய்யும். முடிவில் வரைபொறியொன்று குகையின் பாதைகளைக் கோடு கோடாகப் பெருந்தாளில் வரையும். சுற்றிவந்த பாதை தொடங்கிய இடத்தில் வந்து பொருந்தாவிடின் எங்கோ ஓர் அளவை பிழைத்தது என்பதும் தாளிலேயே தெரிந்துவிடும். ஒரே பொழுதுபோக்கைக் கணவனும் மனைவியும் பங்கிட்டுக்கொள்வது அரிது. பாதிப் பொழுதுபோக்கு நிலத்துக்குக் கீழும் பாதி இயந்திரத்தின் முன்னுமாக அமைந்தது அதனினும் அரிது.

மாமத் குகைக்கு அயலிலே பிளின்ற் ரிட்ஜ் எனும் மற்றொரு குகைத் தொகுதி உண்டு. அதன் நீளம் அப்போது 139 கிலோமீற்றர். மாமத் குகை 93 கிலோமீற்றர். இரண்டும் எங்கோ சந்திக்கின்றன என்பது குகையாளர் பலரின் நம்பிக்கை. 1972ஆம் ஆண்டு, பிறர் நுழைய முடியாத ஓர் இடுக்கினுள்ளே மெலிந்த உடல்வாகுடைய பற்றீசியா தம்மை நெரித்துப் புகுந்து அப்பாற் சென்றார். அப்பால் வழி இருந்தது. செப்டெம்பர் 9ஆம் திகதி ஜோன் வில்கொக்ஸ் என்பவரின் தலைமையில் ஆறு பேர் அவ்வழியே சென்றனர். அறுவரிற் பெண் பற்றீசியா ஒருவரே. வில்லியம் அப்பயணத்தில் இல்லை. இடுப்பளவும் அதற்கு மேலும் ஏறிய நீரில் நடந்து சென்ற வில்கொக்ஸின் விளக்கொளியில் ஓர் இரும்புக் கைப்பிடி வேலி தெரிந்தது. மாமத் குகையைப் பார்க்க வரும் உல்லாசப் பிரயாணிகளுக்காகப் போட்ட வேலி அது! இரு குகைகளும் ஒன்றாயின. 232 கிலோமீற்றர் நீளமுடைய அத்தொகுதி உலகின் மிக நீண்ட குகை என்னும் பெயரை உறுதியாக்கிக்கொண்டது. அதன்பின் கண்டுபிடிக்கப்பட்ட பாதைகளையும் சேர்த்து இப்போது அது 670 கிலோமீற்றரையும் தாண்டிவிட்டது.

குகைகள் இணைந்த சில ஆண்டுகளுக்குள் குரோதர் தம்பதியர் பிரிந்தனர். பற்றீசியா பின்னர் வில்கொக்ஸை மணந்தார். காரணங்களை ஆராய்வது நம் வேலையன்று. கணினியின் மேலோ குகையின் மேலோ பழியைப் போடுவதும் நியாயமன்று. பழைய தோழர்களோடு குகைக்குப் போவது வில்லியத்துக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் போவதை நிறுத்திக்கொண்டார். பிள்ளைகளையும் எப்பொழுதும் அருகில் வைத்திருக்க இயலவில்லை. அந்நிலையில், 1975, 1976ஆம் ஆண்டளவில், அவர் தம் பெண்களுக்காக ஒரு விளையாட்டை எழுதினார்.

விளையாட்டிற் படம் எதுவும் இல்லை, ஒலியும் இல்லை. நீங்கள் ஒரு காட்டில் நிற்கின்றீர்கள், அருகே ஒரு சிறு கட்டடம் இருக்கின்றது என்று கணினி எழுத்தில் அறிவிக்கும். நீங்கள் 'மேற்கே போ' என்றோ 'விளக்கை எடு' என்றோ ஆங்கிலத்தில் இரண்டு சொற்களைத் தட்டச்சிட வேண்டும். கணினி அதைச் செய்து அடுத்து எங்கே நிற்கின்றீர்கள் என்று சொல்லும். இதிலென்ன அதிசயம் என்று இன்றைய இளைஞர் கேட்கலாம். அக்காலத்தில் கணினியோடு பேசுவதற்குக் கற்றறிந்தோரே அறிந்த குறியீடுகள் வேண்டியிருந்தன. கணினி தெரியாதவரும் அஞ்சாமல் பேசக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். பிடிபி 10 என்னும் கணினியில், போர்ட்ரான் மொழியில், சுமார் 700 வரிகளில் அதனைச் செய்தார். அக்கணினியின் ஒரு சொல்லிடத்தில் ஐந்து எழுத்துக்களே அடங்கும். ஆகவே நீங்கள் எவ்வளவு நீண்ட சொல்லை எழுதினாலும் முதல் ஐந்து எழுத்துக்களையே நிரல் பார்க்கும். ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண். எந்த இடத்தில் எந்தச் சொல்லைச் சொன்னால் எந்த எண்ணுக்குப் போவது என்பதற்கு ஓர் அட்டவணை. சூட்சுமம் முழுவதும் அந்த அட்டவணையிலேதான் இருந்தது.

அந்த அட்டவணை கற்பனையன்று. மாமத் தொகுதியைச் சேர்ந்த பெட்குவில்ற் என்னும் பகுதியையே அவர் இடத்துக்கிடம் எழுத்தில் வடித்திருந்தார். விளையாட்டை மட்டுமே அறிந்த ஒருவர் பிற்காலத்தில் உண்மைக் குகைக்குச் சென்றபோது அப்பகுதியில் தம் வழியைத் தாமே கண்டுகொண்டார் என்று குகையாளர் கூறுவர். குட்டிப் பூதங்களும் மந்திரச் சொல்லும் பிள்ளைகளை மகிழ்விக்கச் சேர்த்தவை, பாதைகள் மெய்யானவை. ஒரு காலத்தில் தாயும் தந்தையும் கூடி அளந்து வரைந்த அந்தப் பாதாளத்துள், தந்தையைப் பார்க்க வந்த சிறுமியர் இப்போது சொற்களாலே நடந்து சென்றனர். அவர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது என்று வில்லியம் கூறியிருக்கின்றார்.

அந்த விளையாட்டு வலையின் வழியே பரவியது. 1977இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டொன் வூட்ஸ் என்னும் மாணவர் அதனைக் கண்டு, வலையிலிருந்த ஒவ்வொரு கணினிக்கும் 'குரோதர்' என்ற பெயருக்கு மடல் அனுப்பி ஆசிரியரைத் தேடிப் பிடித்தார். அவருடைய சம்மதத்தோடு அதனை விரிவாக்கினார். அதன்பின் அது போகாத கணினி நிலையம் இல்லை.

இப்போது மேற்குக் கரைக்கு வருவோம். 1979இல் கலிபோர்னியாவிலே கென் வில்லியம்ஸ் என்னும் இளைஞர் கணினி நிரல் எழுதிச் சம்பாதித்துக் கொண்டிருந்தார். மனைவி ரொபேட்டா; குழந்தைகள் இருவர். கணினி என்றாலே ரொபேட்டாவுக்கு ஆர்வமில்லை. ஒருநாள் கென் வீட்டுக்குக் கொண்டுவந்த தட்டச்சு முனையத்தில் இந்தக் குகை விளையாட்டு அகப்பட்டது. மனைவியை அழைத்துக் காட்டினார். அவ்வளவுதான்! வாரக்கணக்காக ரொபேட்டா குகையைவிட்டு வெளியே வரவில்லை. கைக்குழந்தை இருந்தும் தம்மால் நிறுத்த முடியவில்லை என்று அவரே பிற்காலத்திற் சொல்லியிருக்கின்றார். கட்டுரையின் தொடக்கத்தில் நாம் குறிப்பிட்ட முறைப்பாட்டை இந்த வீட்டில் கணவனன்றோ செய்திருக்க வேண்டும்!

குகை முடிந்ததும் ரொபேட்டா சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பித் தாமே ஒரு கதையை அமைத்தார். பழைய மாளிகை, உள்ளே எழுவர், ஒவ்வொருவராகக் கொலையுண்கின்றனர். கென்னோ அப்பிள் கணினிக்காகப் போர்ட்ரான் மொழிபெயர்ப்பு நிரல் எழுதுவதில் முனைந்திருந்தார். வீட்டிற் சொன்னால் அவர் காதில் ஏறாதென்று கண்ட ரொபேட்டா, அவரை ஓர் உணவுச்சாலைக்கு அழைத்துச் சென்று எதிரே இருத்தித் தம் திட்டத்தை விவரித்தார். குடும்ப நிர்வாகத்தில் இதனினும் சிறந்த தந்திரத்தை நாம் கேள்விப்பட்டதில்லை.

படங்களோடு கூடிய விளையாட்டு வேண்டும் என்பது தீர்மானம். 70 படங்கள்! அப்பிளின் முழுத்திரைப் படம் ஒன்றுக்கு 8 கிலோபைற் வேண்டும். ஆகவே 560 கிலோபைற். அன்றைய நெகிழ்தட்டோ 150 கிலோபைற்றையும் கொள்ளாது. கென் கண்ட வழி யாதெனில், படத்தைச் சேமிக்காமல் கோடுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற எண்களை மட்டும் சேமித்து, வேண்டும்போது கணினியையே வரையச் செய்வது. குரோதர் வீட்டு வரைபொறியும் எண்களைக் கோடாக்கிய கருவியே அல்லவா? பகலில் உத்தியோகம், இரவில் நிரல். 'மர்ம மாளிகை' எனப் பொருள்படும் பெயரோடு 1980 மே மாதத்தில் அது வெளியாயிற்று. விலை 24 டொலர் 95 சதம். பிளாஸ்ரிக் பையில் இட்டு அனுப்பினர். வீட்டுத் தொலைபேசிதான் விற்பனை நிலையம். காலப்போக்கில் பத்தாயிரத்துக்கு மேல் விலைப்பட்டது.

மற்றவை செல்வக் கதை; சுருக்கமாகவே சொல்வோம். மலைப்பகுதிக்குக் குடிபெயர்ந்து சியெரா என்னும் கொம்பனியை வளர்த்தனர். 1984இல் ரொபேட்டாவின் 'கிங்ஸ் குவெஸ்ட்' வெளிவந்தது. 1996இல் கொம்பனியை ஏறத்தாழ நூறு கோடி டொலர் பெறுமதிக்கு விற்றனர். வாங்கிய நிறுவனத்தின் பெரும் கணக்கு மோசடி 1998இல் அம்பலமாயிற்று. பின்பு படகொன்றில் ஏறி நாடு நாடாகச் சுற்றினர். 2020இல் கொள்ளைநோய் வந்து எல்லோரையும் வீட்டில் அடைத்தபோது, கென் பொழுதுபோக்காக மறுபடியும் நிரல் பயிலத் தொடங்கினார். எதை எழுதுவது என்ற கேள்வி வந்தது. ரொபேட்டா பழைய குகையையே தேர்ந்தார். எழுத்தாக மட்டும் இருந்த குரோதரின் குகை, 2023 ஜனவரியில், வண்ணப் படமாக அவர்கள் கையால் வெளிவந்தது.

பழைய எழுத்து விளையாட்டு இன்றும் விலையின்றிக் கிடைக்கின்றது. குரோதர், வூட்ஸ் இருவரின் இசைவோடு 2017ஆம் ஆண்டு அதன் நிரலும் எல்லோரும் படிக்கக்கூடியதாக வெளியிடப்பட்டிருக்கின்றது. விளையாட விரும்பும் மாணவர்கள் அருகே ஒரு தாளும் பென்சிலும் வைத்துக்கொள்வார்களாக. வரைபடம் வரையாமல் அந்தக் குகைக்குள் வெகுதூரம் போக முடியாது.