பாண்டவர் வீடும் பானை நெல்லும்

வில்லேந்திய விசயனும் கதையேந்திய வீமனும் கொடைக்கானல் மலைக்கு ஏன் வந்தனராம்? வனவாசமாம்! வந்தவர்கள் மழைக்கு ஒதுங்கப் பலகைக் கற்களை நிறுத்தி, பாறையைக் கூரையாகக் கவிழ்த்தனராம். பழனி மலைத்தொடரில், தாண்டிக்குடிப் பக்கம் நிற்கும் கற்றிட்டைகளைக் காட்டி, "யார் கட்டியது?" என்று கேட்டுப் பாருங்கள், தோழர்களே! 'பாண்டவர் வீடு' என்பார் ஒருவர். 'குள்ளர் வீடு' என்பார் மற்றொருவர். ஐவரும் பாஞ்சாலியும் அந்தச் சிறு கல்லறைக்குள் எப்படி முடங்கினர் என்று கேட்கும் சிறுவனுக்கு விடை கிடைப்பதில்லை, அதட்டல் கிடைக்கும். எம் முன்னோர் தம்மில் இறந்தோர்க்கு எழுப்பிய ஈமச்சின்னம் இது என்று சொல்லும் நா மட்டும் அரிது.

நிலத்தைப் பறித்தால் வழக்காடலாம். பாட்டன் கல்லறையையே இதிகாசத்தின் பெயருக்குப் பட்டா எழுதிக் கொடுத்துவிட்டுப் பல்லிளிப்பவனை என்னென்பது!

செண்பகனூரில் சேசு சபையினர் 1895இல் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினர். அச்சபையைச் சேர்ந்த ஆங்கிலேட், நியூட்டன் என்னும் இருவர் இம்மலைக் கற்றிட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. விண்ணுலகம் பற்றிப் போதிக்க வந்த பாதிரிமார் இந்த மண்ணை அளந்தனர்; மண்ணுக்குரிய நாமோ விண்ணைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தோம்! மதவாதியாயினும் அளவுகோலை எடுத்தவனுக்கு உரிய மதிப்பை அளிக்க நாம் தயங்கவில்லை.

அந்த அளவுகோல் பின்னர் தமிழர் கைக்கு வந்தது. வரலாற்றுப் பேராசிரியர் என்றால் அரசர் பட்டியலை ஒப்பிப்பவர் என்றே கருதும் நாட்டில், கா. இராசன் வேறு வகைப் பேராசிரியர். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் கற்பித்தவர். மாணவரைக் கரும்பலகை முன் நிறுத்தியதோடு நில்லாமல் குழிக்குள்ளும் இறக்கினார். கொங்கு நாட்டுத் தொல்லியல் பற்றி 1994இல் ஆங்கிலத்தில் நூல் தந்தார். சங்க காலத்தைத் தொல்லியல் நோக்கில் ஆராய்ந்து தமிழிலும் எழுதினார். பானைக் கீறலிலிருந்து எழுத்து வரை நடந்த பயணத்தை 2015இல் பெருநூலாக்கினார். தாண்டிக்குடியின் ஈமச்சின்னங்களை அகழ்ந்தவரும் அவரே.

2009, 2010ஆம் ஆண்டுகளில் அவரது குழு பழனி மலையின் அடிவாரத்துப் பொருந்தலில் இறங்கியது. பேகன் ஆண்ட ஆவியர் நாடு அது. பொருந்தில் இளங்கீரனார் என்ற புலவர் பெயரில் ஊர்ப்பெயர் இன்றும் ஒலிக்கிறது. அங்கே ஓர் ஈமக்குழியில் நாற்கால் சாடி ஒன்று. அதனுள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல்! உடன் கிடைத்த பிரிமனையில் 'வய்ர' என்று தமிழி எழுத்து. நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிக் கரிமக் கணிப்புச் செய்தனர். விடை: கி.மு. 490. அசோகன் கல்லில் வெட்டிய பின்னரே தெற்குக்கு எழுத்து வந்தது என்று பாடம் ஓதினரே, அந்த அசோகனுக்கு இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் முந்தியது அந்த ஈமக்குழி நெல்!

எழுந்தது ஐயம். ஒற்றைக் கணிப்பை வைத்து முடிவு கட்டலாகாது என்றனர் அறிஞர் சிலர். நேர்மையான ஐயம் அது. அதனை நாம் வரவேற்கிறோம். வசைபாடுவது அதற்கு விடையாகாது; இன்னொரு கணிப்பே விடை. மற்றொரு நெல் மாதிரியும் ஆய்வகம் சென்றது, கி.மு. 450 என்று வந்தது. ஆனால் இன்னொரு வகை ஐயக்காரர் உண்டு. இடும்பன் இரு மலைகளைக் காவடி கட்டித் தூக்கிவந்தான் என்றால் எந்தத் தோளில் என்றுகூடக் கேளாதவர், நெல்மணிக்கு மட்டும் ஆயிரம் சாட்சி கேட்பார்! அவரோடு வாதிட நமக்குப் பொழுதில்லை.

நம்மவரையும் விடுவதற்கில்லை. 2025 சனவரியில், இராசனும் இரா. சிவானந்தமும் எழுதிய இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கையைத் தமிழக அரசு வெளியிட்டது. சிவகளையில் கி.மு. நாலாம் ஆயிரத்தாண்டுக் காலக்கணிப்பு! மேடைகள் அதிர்ந்தன, மார்புகள் விம்மின. அறிக்கையைப் புரட்டியவர் எத்தனை பேர்? எந்த மாதிரி, எந்த மண்ணடுக்கு, எந்த ஆய்வகம் என்று கேட்டால் எத்தனை பேர் வாய் திறப்பர்? ஆதாரத்தை அறியாமல் அடிக்கும் கைத்தட்டலுக்கும் கோயில் மணியோசைக்கும் வேறுபாடு என்ன? எதிரி நாளை ஒரு கேள்வி கேட்டால் பதிலாகப் பட்டாசையா கொளுத்துவோம்?

பழனிக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்களைக் கேட்கிறோம். படியேறுகிறீர்கள், பஞ்சாமிர்தம் வாங்குகிறீர்கள், கொடைக்கானலுக்கும் போய்ப் படகு விடுகிறீர்கள். பொருந்தலுக்கு ஒருநாளேனும் வண்டி திரும்பியதுண்டா? பழனியிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர்தான்.