நீங்கள் கேட்டவை: கடன் கவலையால் மறதி வருமா?

"கரும்பு வெட்டி அனுப்பிப் பல மாதங்களாகியும் பணம் வரவில்லை. கடன் கொடுத்தவர் தெருவில் வைத்துக் கேட்ட நாளிலிருந்து என் கணவர் யாரோடும் பேசுவதில்லை, தூங்குவதும் இல்லை. உரம் போட்டதை மறந்துவிட்டு, அதே வயலுக்கு மறுபடியும் போடுகிறார். 'மனதில் தைரியம் இல்லாதவர்' என்கிறார்கள் உறவினர்கள். இது அவருடைய குறையா?"

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

இல்லை. மற்ற கோழிகள் கொத்தி விரட்டும் கோழியைப் பார்த்திருப்பீர்கள். தீவனம் இருந்தும் கிட்டே வராது, மெலியும், முட்டை குறையும். அவமானமும் நெருக்கடியும் மனிதர்களையும் இப்படித்தான் வாட்டும்.

ஆபத்து வந்தால், சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரீனல் சுரப்பி 'கார்ட்டிசால்' என்ற ஹார்மோனைச் சுரக்கும். பாம்பைக் கண்டு விலகும்போது அது நல்லது. பாம்பு போனதும் குறைந்துவிடும். கடன் கவலை அப்படிப் போவதில்லை. மாதக்கணக்கில் நீடித்தால் நினைவாற்றலையும், முடிவெடுக்கும் திறனையும் கவனிக்கும் மூளைப் பகுதிகள் தளரும். பயத்துக்கான பகுதி மட்டும் ஓயாமல் விழித்திருக்கும்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடந்த ஆய்வு, 2013-ம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளியானது. அறுவடைக்கு முன், பணத்தட்டுப்பாட்டில் இருந்தபோது சிந்தனைத் திறன் சோதனையில் குறைவான மதிப்பெண் எடுத்தவர்கள், அறுவடைக்குப் பின் கூடுதலாக எடுத்தார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான். பணக்கவலைதான் மூளையில் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது.

இதிலிருந்து மீள முடியும். பேச்சுத் துணை உள்ளவர்கள் சீக்கிரம் தேறுகிறார்கள். நீங்கள் செய்ய வேண்டியவை:

* உரம், மருந்து, தண்ணீர் கணக்கை நோட்டில் எழுதி வையுங்கள். மறதியைச் சுட்டிக்காட்டித் திட்ட வேண்டாம்.

* நிலத்தை விற்பது, புதுக்கடன் வாங்குவது போன்ற முடிவுகளை அவர் தனியாக எடுக்க விடாதீர்கள். கடன் விவரத்தைக் குடும்பமே உட்கார்ந்து எழுதுங்கள்.

* பூச்சிக்கொல்லி மருந்துகளைப் பூட்டி, சாவியை நீங்கள் வைத்திருங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

* 14416 என்ற 'டெலி மானஸ்' இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

* 'இருந்து என்ன பயன்' என்று அவர் சொன்னால், ஒரு நிமிடமும் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

வாடிய பயிரை யாரும் திட்டுவதில்லை, வேரைத்தான் பார்க்கிறோம். உறவினர்களிடமும் இதைச் சொல்லுங்கள்.