306 பேரின் சாவுக்கு மர்மம் என்று பெயரா?

சிறுவர் பத்திரிகை, பொது அறிவுப் புத்தகம், யூடியூப் என்று எங்கே பெர்முடா முக்கோணத்தின் கதை வந்தாலும் அதில் ஒரு கப்பல் தவறாமல் வந்துவிடும்: யுஎஸ்எஸ் சைக்ளோப்ஸ். 1918 மார்ச்சில் 306 பேரோடு காணாமல் போன அமெரிக்கக் கடற்படைக் கப்பல். அபாயச் செய்தி வரவில்லை, ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. ஆகவே அந்தக் கடலில் ஏதோ அமானுஷ்ய சக்தி இருக்கிறது என்று முடிப்பார்கள். பள்ளி நாட்களில் நானும் அதை நம்பினேன். இன்று அந்த 'ஆகவே' எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

போர்க்கப்பல் என்று எழுதுகிறார்கள். உண்மையில் அது போர்க்கப்பல்களுக்கு நிலக்கரி கொண்டுபோய்க் கொடுக்கக் கட்டிய சுமைக்கப்பல். 165 மீட்டர் நீளம். கடைசிப் பயணத்தில் அது சுமந்தது நிலக்கரியும் அல்ல, பிரேசிலில் ஏற்றிய சுமார் 10,800 டன் மாங்கனீசுத் தாது. போர்க்காலத்தில் எஃகு செய்ய அந்தத் தாது வேண்டியிருந்தது. நிலக்கரி கிடங்கு முழுக்கப் பரவி நிற்கும். தாது அப்படியல்ல; கொஞ்ச இடத்தில் அத்தனை எடையும் இறங்கிவிடும். கொந்தளிப்பில் அது ஒரு பக்கம் சரிந்தால் கப்பல் நிமிராது.

இதற்கு மேல் எஞ்சின் பழுது. வலப்பக்க எஞ்சினின் சிலிண்டர் விரிசல் விட்டிருந்தது. ரியோ டி ஜெனீரோவில் சோதித்த குழுவும் அதை உறுதி செய்தது. ஆனாலும் கப்பல் அமெரிக்காவுக்கே திரும்பட்டும் என்று பரிந்துரைத்தது. அப்படியே கிளம்பிய கப்பல், திட்டத்தில் இல்லாதிருந்தும், மார்ச் 3ஆம் தேதி பார்படாஸில் நின்றது. சுமைக்கோடு தண்ணீருக்குள் போயிருந்ததாக அங்கே சொல்லப்பட்டது. மறுநாள் பால்டிமோரை நோக்கிப் புறப்பட்டது. 13ஆம் தேதி வந்து சேர்ந்திருக்க வேண்டும். மார்ச் 10ஆம் தேதி வர்ஜீனியா கரையோரக் கடலில் கடும் காற்று வீசியது. அந்த இடம் முக்கோணத்துக்கு வெளியே இருக்கிறது.

கப்பலின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. மூழ்கிய இடமே தெரியாதபோது, முக்கோணத்துக்குள்தான் மூழ்கியது என்று எந்த ஆதாரத்தில் எழுதுகிறார்கள்? அந்தப் பெயரே 1964இல், வின்சென்ட் காடிஸ் என்பவர் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில்தான் பிறந்தது. கப்பல் போய் 46 ஆண்டுகள் கழித்து. அதற்கு முன்னால் புயலைச் சந்தேகித்தார்கள், ஜெர்மன் நீர்மூழ்கியைச் சந்தேகித்தார்கள், ஜெர்மனியில் பிறந்த கேப்டன் வோர்லியையும் சந்தேகித்தார்கள். பேயைச் சந்தேகிக்கும் வழக்கம் பிறகு வந்தது. அபாயச் செய்தி வராததும் புதிரல்ல. பாரம் ஏறிய கப்பல் கவிழ்ந்தாலோ முறிந்தாலோ தந்திக் கருவியிடம் ஓட நேரம் இருக்காது.

நம்புகிறவர்கள் இன்னொன்றையும் காட்டுவார்கள். இதே அமைப்பில் கட்டிய புரோட்டியஸ், நீரியஸ் என்ற இரண்டு கப்பல்களும் 1941 இறுதியில் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்துக் காணாமல் போயின. மூன்றையும் முக்கோணம் விழுங்கிவிட்டதாம்! அந்த இரண்டும் கரீபியனில் இருந்து எதை ஏற்றிக்கொண்டு கிளம்பின என்று பாருங்கள்: பாக்சைட். அதுவும் கனமான தாது. நிலக்கரிக்கென்று கட்டிய ஒரே மாதிரிக் கப்பல்கள், மூன்றிலும் தாது, மூன்றும் போயின. பல ஆண்டு நிலக்கரி சுமந்ததில் இந்த வகைக் கப்பல்களின் நீளவாட்டு இரும்புச் சட்டங்கள் அரித்துப்போயிருந்ததாக அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவரே பின்னாளில் சுட்டிக்காட்டினார். தேட வேண்டிய காரணம் கப்பலுக்குள் இருக்கிறது. நாம் கடலைக் குற்றம் சொல்கிறோம்.

மர்மம் என்று சொன்னதும், பழுதான எஞ்சினோடும் பெரும் பாரத்தோடும் அந்தக் கப்பலை அனுப்பியவர்கள் பொறுப்பிலிருந்து தப்பிவிடுகிறார்கள். சண்டையில் அல்லாமல் ஒரே சம்பவத்தில் அமெரிக்கக் கடற்படை இழந்த மிகப் பெரிய எண்ணிக்கைகளில் ஒன்று இந்த 306. பிள்ளைகளுக்காகச் சைக்ளோப்ஸ் கதையை இனி எழுதுகிறவர்களை வேண்டிக் கேட்கிறேன்: அந்தத் தாதுவையும் விரிசல் விட்ட சிலிண்டரையும் விடாமல் எழுதுங்கள்.