ரெண்டு தட்டுக்கு இவ்வளவு காசா?

'படிக்காட்டி கராஜுக்குத்தான் போகோணும்' என்று பிள்ளைகளை வெருட்டுகிற சமூகம் எங்களுடையது. சரி, படித்தவர்களிடமே கேட்கிறோம். சேற்றிலும் ஆற்றிலும் ஓடிய பழைய ஜீப்பின் சில்லு பெயாரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது. எப்படிக் கழற்றுவீர்கள்? ஓங்கி அடிப்பீர்கள். வளையம் அசையாது, ஹப்தான் வெடிக்கும்.

கராஜ்காரர் அப்படி அடிப்பதில்லை. ஹப்புக்குள் இறுகிய வெளிவளையத்தின் உட்புறம் சுற்றிவர ஒரு வெல்டிங் கோடு இழுப்பார். ஆறும்போது வளையம் சுருங்கி, ஒரு தட்டில் விழும். அச்சில் இறுகிய உள்வளையத்தைக் கிரைண்டரால் முழுக்க வெட்டாமல் கீறி, உளியால் பிளப்பார். அச்சில் ஒரு காயமும் இராது.

சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். சாதாரண தர விஞ்ஞானத்துக்கு எல்லாரும் பாடமாக்கினதுதான். பரீட்சைத்தாளில் எழுதினால் அறிவு, ஹப்பில் செய்தால் வெறும் கைவேலையா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய வாகனங்களை ஓட வைத்தது யார்? பட்டதாரிகளா? பார்ட்ஸ் கடையில் கேட்ட விலையைப் பேசாமல் குடுக்கிறவர்கள், கூலி என்றதும் 'ரெண்டு தட்டுத்தானே தட்டினனீ' என்கிறார்கள். எங்கே தட்டுவது என்று தெரிந்ததற்குத்தான் அந்தக் கூலி. கலைப்பீடத்தில் உழைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற நாங்கள் இதையாவது உரக்கச் சொல்லவேண்டும்: பேரம் பேசாமல் குடுங்கோ.