மேல்சபையும் வெளிமாநிலத் தமிழரும்

டில்லியில் ராஜ்ய சபை என்று ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதன் உறுப்பினர்களுக்கு ஓட்டுப் போடுவது யார் என்று கேட்டால், ஆலைத் தொழிலாளியும் ஆபீஸ் குமாஸ்தாவும் ஒன்றுபோலக் கையை விரிப்பார்கள். அது பெரிய இடத்து விவகாரம் என்பது பொதுவான எண்ணம். உண்மை அதுவல்ல.

பெங்களூரில் வாழும் தமிழர் சட்டசபைத் தேர்தலில் போடும் ஓட்டு, தொகுதி எம்.எல்.ஏ.வோடு நின்றுவிடுவதில்லை. கர்நாடகச் சட்டசபையின் 224 உறுப்பினர்களே அம்மாநிலத்தின் 12 ராஜ்ய சபை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பதவிக்காலம் 6 ஆண்டு. ஒரே சமயத்தில் 4 இடங்களுக்குத் தேர்தல் நடந்தால், சுமார் 45 எம்.எல்.ஏ.க்களின் முதல் விருப்ப ஓட்டைப் பெறுபவர் டில்லிக்குப் போய்விடலாம்.

இந்தச் சபைக்கு அதிகாரம் இல்லை என்பதும் அரைகுறைப் பேச்சே. பண மசோதாவை 14 நாட்களுக்குள் திருப்பி அனுப்பத்தான் வேண்டும். ஆனால் அரசியல் சட்டத் திருத்தம் இதன் சம்மதமின்றி நிறைவேறாது. 1970-ல் மன்னர் மானிய ஒழிப்பு மசோதா லோக் சபையைத் தாண்டி வந்து, இங்கே ஒரு முழு ஓட்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் விழுந்தது. 1989-ல் பஞ்சாயத்து மசோதாவுக்கும் அதே கதி.

மாநிலங்களின் சபை என்ற பெயர்தான் மெல்ல மெல்லத் தேய்ந்து வருகிறது. வேட்பாளர் அந்தந்த மாநிலத்தின் வாக்காளராக இருக்கவேண்டும் என்ற விதி 2003-ல் நீக்கப்பட்டது. சுப்ரீம் கோர்ட்டும் 2006-ல் அதை ஏற்றது. மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன் 2016-லும் 2022-லும் கர்நாடகத்திலிருந்து தேர்வானார். மாநிலம் விட்டு மாநிலம் வந்தவருக்கும் கதவு திறந்திருக்கிறது என்று மகிழலாம்தான். ஆனால் சாவி கட்சித் தலைமையிடம் இருக்கிறது. கட்டிட வேலைக்கு வந்தவருக்கு அது கிடைக்கப்போவதில்லை.

நஷ்டம் யாருக்கு என்பதை 2020 செப்டம்பர் காட்டியது. வேளாண் மசோதாக்களின் மீது உறுப்பினர்கள் கேட்ட பிரிவு வாக்கெடுப்பு மறுக்கப்பட்டது. அமளி, சஸ்பென்ஷன், பகிஷ்காரம். எதிர்க்கட்சிகள் வெளியே இருந்த 23-ந் தேதி, தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் மூன்று குரல் வாக்கில் நிறைவேறின. வெளிமாநிலத் தொழிலாளருக்கென்றே 1979-ல் வந்த சட்டம் அவற்றில் ஒன்றில் கரைந்தது. பழைய சட்டம் 5 வெளிமாநிலத் தொழிலாளர் இருந்தாலே பொருந்தும். புதியதில் அது 10 ஆயிற்று. கான்ட்ராக்டர் மூலமின்றித் தாமாக வந்தவரையும் சேர்த்தது நல்லதே. இடப்பெயர்வுப் படி போனது நல்லதல்ல. ஒவ்வொரு ஷரத்தாக வாதிட்டிருக்கவேண்டிய விஷயம் இது. அவசரப்பட்டவர்களும் பொறுப்பு, நாற்காலியை விட்டுப் போனவர்களும் பொறுப்பு.

தொழிலாளர் மசோதாக்களில் யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பது பதிவாகும்படி பிரிவு வாக்கெடுப்பு கட்டாயமாக்கப்படவேண்டும். இன்னொன்றும் உண்டு. ராஜ்ய சபைத் தேர்தலில் எம்.எல்.ஏ. தமது ஓட்டைக் கட்சி ஏஜெண்டிடம் காட்டிவிட்டே போடவேண்டும் என்பது 2003 முதல் உள்ள முறை. ஏஜெண்டுக்குக் காட்டுவதைத் தொகுதிக்குச் சொல்வதில் என்ன தடை? அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் அதைக் கேட்க, வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும். ஊர்ப் பட்டியலில் அல்ல, பிழைக்க வந்த ஊரின் பட்டியலில்.